ஆகாயத்தில் சிறு கட்சிகளுக்கு இடமில்லையா?

2024-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 19-ந் தேதி தமிழ்நாட்டில் பார்லிமெண்டுத் தேர்தல் நடந்தது. அன்று புதுக்கோட்டை ஜில்லாவாசிகள் எந்த நிலைமையில் ஓட்டுப் போட்டார்கள் என்பதை நமது வாசகர்கள் சற்றுக் கவனிக்க வேண்டுமென்று விரும்புகிறோம்.

இந்த ஜில்லாவுக்கென்று தனிப் பார்லிமெண்டுத் தொகுதி இப்போது கிடையாது. 2008-ம் வருஷத்துத் தொகுதிச் சீரமைப்பில் அது எடுபட்டுப் போயிற்று. அதன் பயனாகப் புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிராப்பள்ளியோடு சேர்ந்தன. திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையோடு சேர்ந்தன. அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கும், விராலிமலை கரூருக்கும் போயின. ஒரே ஜில்லாவின் ஜனங்கள் நான்கு தொகுதிகளுக்குப் பிரிந்து, நான்கு வெவ்வேறு அபேட்சகர் ஜாபிதாக்களைப் பார்த்து ஓட்டளிக்க வேண்டியிருந்தது.

திருச்சிராப்பள்ளித் தொகுதியில் வெற்றி பெற்றவர் மறுமலர்ச்சி தி.மு.க.வைச் சேர்ந்த ஸ்ரீ துரை வைகோ. அவருடைய கட்சி தன் பழைய சின்னமான பம்பரத்தைக் கேட்டது, கிடைக்கவில்லை. தீப்பெட்டிச் சின்னத்தில் அவர் நின்றார். ராமநாதபுரம் தொகுதியில், அறந்தாங்கி வட்டாரத்து ஓட்டர்களுக்கு முன்னால், முன்னாள் முதல் மந்திரி ஸ்ரீ ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். அவர் பெயரையே உடைய வேறு ஐவரும் அதே தொகுதியில் நின்றார்கள். நாம் தமிழர் கட்சி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் அபேட்சகர்களை நிறுத்தியிருந்தது. அதன் பழைய கரும்பு விவசாயிச் சின்னம் வேறொரு கட்சிக்குப் போய்விட்டபடியால் அதற்கு மைக் சின்னம் கிடைத்தது. மைக்கைச் சின்னமாகப் பெற்ற அந்தக் கட்சிக்கு, சர்க்கார் ரேடியோவின் மைக்குக்கு முன்னால் ஒரு நிமிஷமாவது நின்று ஓட்டுக் கேட்க அப்போது விதிப்படி உரிமை இருக்கவில்லை. தீப்பெட்டிக் கட்சிக்கும் அப்படியே.

இந்தக் கட்சிகளின் கொள்கைகளை நாம் இங்கே ஆதரிக்கவும் வரவில்லை, கண்டிக்கவும் வரவில்லை. ஓட்டர் ஒருவர் தம் ஓட்டை இன்னாருக்கென்று தீர்மானிப்பதற்கு முன், எதிரே நிற்பவர்கள் யார், அவர்கள் சொல்வது என்ன என்று கேட்டறிய வழி இருக்க வேண்டுமா, வேண்டாமா? பொதுஜனங்களின் பணத்தால் நடக்கும் ரேடியோ அந்த வழியை எல்லோருக்கும் நியாயமாகத் திறந்து வைக்க வேண்டுமா, வேண்டாமா? இதுவே நாம் எழுப்பும் பிரச்னை.

நேரம் பங்கிடப்படும் விதம்

திருச்சி ரேடியோ நிலையம் 1939-ம் வருஷம் மே மாதம் 16-ந் தேதி திறக்கப்பட்டது. அப்போது புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாயிருந்தது. 1948 மார்ச் 3-ந் தேதி சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. 1974 ஜனவரி 14-ல் தனி ஜில்லாவாயிற்று. ஆட்சி மாறினாலும் இந்தப் பக்கத்து வீடுகளில் கேட்ட ரேடியோ திருச்சி ரேடியோதான்.

இந்த ரேடியோவில் அரசியல் கட்சிகள் ஓட்டுக் கேட்க முதன்முதலாக அனுமதிக்கப்பட்டது 1977-ம் வருஷத்துப் பொதுத் தேர்தலில். அதற்கு முந்தைய அவசர நிலைமைக் காலத்தில் ரேடியோ எப்படி நடந்துகொண்டது என்பதை அந்தத் தலைமுறையினர் மறக்கமாட்டார்கள். 'அகில இந்திரா ரேடியோ' என்று ஜனங்கள் அதைப் பரிகசித்தார்கள். அந்த அனுபவத்தின் விளைவாகவே ரேடியோவையும் டெலிவிஷனையும் மந்திரிகளின் கையிலிருந்து விலக்க வேண்டுமென்ற கோரிக்கை வலுத்து, 1990-ல் பிரசார் பாரதிச் சட்டம் நிறைவேறி, 1997-ல் அமலுக்கு வந்தது. 1998 ஜனவரியில், ரேடியோவோடு டெலிவிஷனையும் சேர்த்துக் கட்சிகளுக்கு இலவச நேரம் ஒதுக்கும் திட்டத்தைத் தேர்தல் கமிஷன் வெளியிட்டது. 2003-ல் ஜனப் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 39-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, இந்தப் பங்கீட்டுக்குச் சட்ட பலமும் உண்டாயிற்று.

திட்டத்தின் சாராம்சம் இதுதான். சட்டசபைத் தேர்தலில், அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு தேசியக் கட்சிக்கும், அந்தந்த ராஜ்யத்தில் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு கட்சிக்கும், அடிப்படை நேரமாக 45 நிமிஷம் சமமாகக் கொடுக்கப்படும். முந்தைய தேர்தலில் கட்சி காட்டிய பலத்துக்கேற்ப மேற்கொண்டும் நேரம் கிடைக்கும். ஒரே தடவையில் 15 நிமிஷத்துக்கு மேல் பேசலாகாது. யார் எந்த நாளில் பேசுவதென்பது சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கப்படும். 2021-ம் வருஷத்தில் தொற்றுநோயின் காரணமாகப் பொதுக் கூட்டங்கள் குறைந்தபடியால் இந்த 45 நிமிஷம் 90 நிமிஷமாக்கப்பட்டது.

இதில் நியாயம் இல்லாமலில்லை. அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்குள் பெரியது, சிறியது என்று பாராமல் அடிப்படை நேரத்தைச் சமமாகக் கொடுத்தது நல்ல ஏற்பாடு. குறை எங்கே இருக்கிறதென்றால், வாசற்படியில் இருக்கிறது. அங்கீகாரம் என்னும் அந்த வாசற்படிக்கு வெளியே நிற்கிற கட்சிக்கு ஒரு நிமிஷமும் கிடையாது.

அங்கீகாரத்தின் கணக்கு

ராஜ்யக் கட்சி என்ற அங்கீகாரம் பெற வழிகள் சில உண்டு. சட்டசபைத் தேர்தலில் 6 சதவிகித ஓட்டும் இரண்டு ஸ்தானங்களும் பெறலாம். பார்லிமெண்டுத் தேர்தலில் 6 சதவிகித ஓட்டும் ஒரு ஸ்தானமும் பெறலாம். ஓட்டு எவ்வளவானாலும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஸ்தானங்களைப் பிடிக்கலாம். ஸ்தானமே இல்லாவிட்டால் 8 சதவிகித ஓட்டுப் பெற வேண்டும்.

இந்தக் கணக்கு நடைமுறையில் எப்படி வேலை செய்கிறதென்று பாருங்கள். 2021-ம் வருஷத்துச் சட்டசபைத் தேர்தலில் நாம் தமிழர் கட்சி 234 தொகுதிகளிலும் போட்டியிட்டது. அவர்களில் பாதிப் பேர், அதாவது 117 பேர், பெண்கள். அக்கட்சிக்குச் சுமார் 30 லட்சம் ஓட்டுகள், அதாவது சுமார் 6.6 சதவிகிதம், விழுந்தன. ஆனால் ஓட்டுகள் ராஜ்யம் முழுவதும் பரவிக் கிடந்தபடியால் ஒரு ஸ்தானமும் கிடைக்கவில்லை. 6 சதவிகிதத்தைத் தாண்டியும் ஸ்தானம் இல்லை, ஸ்தானம் இல்லாததால் 8 வேண்டும், 8 இல்லை, ஆகவே அங்கீகாரம் இல்லை. அதே தேர்தலில் தேசிய முற்போக்கு திராவிடக் கழகம் அரை சதவிகிதத்துக்கும் குறைவான ஓட்டே பெற்றது. ஆனால் முன்னொரு காலத்தில் பெற்ற பலத்தால் அதற்குக் கிடைத்த அங்கீகாரம் 2024 தேர்தலின்போதும் நீடித்திருந்தது. விதிப்படி அதற்கு ரேடியோ உரிமை உண்டு. 30 லட்சம் ஓட்டு வாங்கிய கட்சிக்கு இல்லை!

தே.மு.தி.க.வுக்கு உள்ள உரிமையைப் பறிக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஒரு கட்சிக்கு இருப்பதைக் குறைப்பதால் இன்னொரு கட்சிக்கு நியாயம் கிடைத்துவிடாது. நேற்றைய பலத்தை மட்டும் நிறுத்துப் பார்க்கும் தராசு இன்றைய பலத்தையும் காட்டாது, நாளைய பலத்தையும் காட்டாது என்பதற்கே இந்த உதாரணத்தைச் சொன்னோம். 2024 தேர்தலில் நாம் தமிழர் கட்சி 8 சதவிகிதத்தைத் தாண்டியது. விடுதலைச் சிறுத்தைகள் கட்சி இரண்டு ஸ்தானங்களை வென்றது. 2025 ஜனவரியில் இரண்டுக்கும் ராஜ்யக் கட்சி அங்கீகாரம் கிடைத்தது. அதாவது, பேச்சுரிமை தேவைப்பட்ட காலத்தில் இல்லை. அது இல்லாமலே தேறி வந்த பிறகு கிடைத்தது. நீந்திக் கரையேறியவனுக்கு ஓடம் கொடுப்பது போன்ற தர்மம் இது.

இன்றைய பெரிய கட்சிகள் தங்கள் பூர்வோத்தரத்தைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும். தி.மு. கழகம் 1957-ல் முதன்முதலாகத் தேர்தலில் இறங்கியபோது அதற்கு அங்கீகாரமும் கிடையாது, பொதுச் சின்னமும் கிடையாது. அப்படியும் 15 சட்டசபை ஸ்தானங்களைப் பெற்றது. மறு வருஷம் அங்கீகாரம் பெற்றது. பத்தே வருஷத்தில், 1967-ல், ஆட்சியைப் பிடித்தது. அண்ணா தி.மு.க. 1972-ல் பிறந்து, 1973-ல் திண்டுக்கல் இடைத் தேர்தலில் வென்றது. அப்போது எந்தக் கட்சிக்கும் ரேடியோவில் நேரம் கிடையாதாகையால், இந்த விஷயத்திலாவது எல்லோரும் சமமாயிருந்தார்கள். இன்றைய விதி அன்று இருந்திருந்தால், தங்கள் எதிரிகள் ரேடியோவில் பேச, இவர்கள் வாய்பொத்திக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

குரல் இல்லாவிட்டால் என்ன நேருகிறது?

இதற்கு இரண்டு தீய பலன்கள் உண்டு. முதலாவது, சிறு கட்சி பெரிய கட்சியின் நிழலில் ஒதுங்க வேண்டியதாகிறது. ம.தி.மு.க.வையே எடுத்துக்கொள்வோம். அங்கீகாரம் இழந்த அந்தக் கட்சியின் அபேட்சகர்கள் 2021-ல் தங்கள் கட்சிப் பெயரை ஒதுக்கி வைத்து, கூட்டணித் தலைமைக் கட்சியின் உதயசூரியன் சின்னத்தில் நின்றார்கள். 2024-ல் தீப்பெட்டி வென்றதும் கூட்டணிப் பலத்தோடுதான் என்பதை நாம் மறைக்கவில்லை. கூட்டணி சேருவது அவரவர் விருப்பம்; அதில் குற்றமில்லை. ஆனால் சொந்தக் குரலில் பேச வழியில்லாமல் சேருகிறவர்களின் உறவு சிநேகத்தில் பிறந்ததாகாது, நிர்ப்பந்தத்தில் பிறந்ததாகும்.

இரண்டாவது பலன் இன்னும் பெரியது. பெரிய கட்சிகள் கவனிக்கத் தவறும் விஷயங்களைச் சிறு கட்சிகளும் சிறு கூட்டங்களுமே முதலில் எடுத்துப் பேசுகின்றன. புதுக்கோட்டை ஜில்லாவில் இதற்குச் சாட்சி தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. 2017 பிப்ரவரியில் ஆலங்குடித் தாலூகா நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எடுக்க அனுமதி என்ற செய்தி வந்தது. விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள், மாணவர்களும் சிறு சிறு இயக்கங்களும் அவர்களுக்குத் துணை வந்தார்கள். மூன்றே வருஷத்தில், 2020 பிப்ரவரியில், காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் சென்னைச் சட்டசபையில் நிறைவேறியது. அந்த மண்டலத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய இந்த ஜில்லாவின் ஐந்து வட்டாரங்களும் சேர்ந்தன. பந்தலில் உட்கார்ந்து சிலர் சொன்னது பின்னால் சட்டமாயிற்று. பந்தல் போட முடியாத எத்தனை கிராமங்களின் குறைகள் கேட்பாரற்றுப் போயிருக்குமென்று நாம் யோசிக்க வேண்டாமா?

மூன்று ஆட்சேபங்கள்

நம் கட்சிக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றை நாமே எடுத்துச் சொல்லிப் பதிலளிப்பது முறை.

"நாட்டில் ஆயிரக்கணக்கில் கட்சிகள் பதிவாகியிருக்கின்றன; எல்லாவற்றுக்கும் நேரம் கொடுத்தால் ரேடியோவில் செய்திக்கும் சங்கீதத்துக்கும் இடம் இருக்குமா?" என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. தேர்தலில் நிற்காமலே காகிதத்தில் காலந்தள்ளும் லெட்டர்பேடு கட்சிகள் உண்டு. 2025 ஆகஸ்டில் 334 கட்சிகளையும், செப்டம்பரில் 474 கட்சிகளையும் தேர்தல் கமிஷன் ஜாபிதாவிலிருந்து நீக்கியதே இதற்கு அத்தாட்சி. ஆனால் உமியைப் புடைத்தெறிய முறம் இருக்கிறது. அதற்காக நெல்லையும் கொட்டிவிட வேண்டுமா? பிரிட்டனில் 1924-ம் வருஷத் தேர்தலிலேயே பி.பி.சி. ரேடியோ மூன்று கட்சித் தலைவர்களுக்கு ஆளுக்கொரு பிரசங்கம் கொடுத்தது. இன்று அங்கே பொதுத் தேர்தலில் ஆறில் ஒரு பங்கு ஸ்தானங்களுக்கு அபேட்சகர் நிறுத்தும் கட்சிக்கு ஒலிபரப்பு உரிமை உண்டு. சென்ற தேர்தலில் எத்தனை ஓட்டு வாங்கினாய் என்று மட்டும் அங்கே கேட்பதில்லை. இந்தத் தேர்தலில் எத்தனை இடத்தில் நிற்கிறாய் என்றும் கேட்கிறார்கள். தமிழ்நாட்டின் 234 தொகுதிகளுக்கு அந்தக் கணக்கு 39 தொகுதிகளாகும். 39 பேரை நிறுத்தி டிபாசிட் கட்டும் கட்சியை லெட்டர்பேடு கட்சி என்று யாரும் சொல்ல முடியாது.

"அப்படியானால் எல்லோருக்கும் ஒரே அளவு கேட்பீர்களா?" என்பது இரண்டாவது ஆட்சேபம். அப்படி நாம் கேட்கவில்லை. அமெரிக்காவில் 1927-ம் வருஷத்து ரேடியோச் சட்டமும், பிறகு 1934-ம் வருஷத்துச் சட்டமும், ஓர் அபேட்சகருக்கு இடங்கொடுக்கும் நிலையம் மற்ற அபேட்சகர்களுக்கும் சம சந்தர்ப்பம் தர வேண்டுமென்று விதித்தன. செய்தியில் ஒருவர் முகத்தைக் காட்டினாலும் மற்றவர் பங்கு கேட்கலாம் என்ற நிலை வந்தபோது, 1959-ல் செய்திகளுக்கு விலக்கு அளிக்க வேண்டியதாயிற்று. கண்மூடிச் சமத்துவம் நடைமுறைக்கு ஒவ்வாதென்பதை இதிலிருந்து அறிகிறோம். பெரிய கட்சிக்கு அதிக நேரம் கிடைக்கட்டும், ஆட்சேபமில்லை. சிறு கட்சிக்குப் பூஜ்யம் என்பதைத்தான் ஆட்சேபிக்கிறோம்.

"இந்தக் காலத்தில் ரேடியோவை யார் கேட்கிறார்கள்? கைக்குக் கை டெலிபோன் இருக்கிறதே!" என்பது மூன்றாவது. கோட்டைப்பட்டினத்துக்கும் ஜெகதாப்பட்டினத்துக்கும் போய்க் கடலோடிகளைக் கேட்டால், காற்றும் மழையும் பற்றிய ரேடியோச் செய்திக்கு என்ன மதிப்பென்று சொல்வார்கள். அது நிற்க. டெலிபோனில் வரும் விளம்பரம் காசுக்கு வருவது. பணம் படைத்தவனுக்கே அங்கே முதலிடம். தனியார் டெலிவிஷனிலோ, 1993-ல் சன், 1999-ல் ஜெயா, 2007-ல் கலைஞர் என்று பெரிய கட்சிகளுக்கு நெருங்கியவர்கள் தொடங்கிய நிலையங்களே முன்னின்றன. சொந்த நிலையம் வைக்க வசதியற்ற கட்சி எங்கே போகும்? ஆகாய அலைகள் பொதுச் சொத்து என்று சுப்ரீம் கோர்ட்டு 1995-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பொதுச் சொத்தில் விலைக்கு விற்கப்படாத பங்கு ஏதாவது இருக்க வேண்டுமானால், அது சர்க்கார் ரேடியோவிலும் டெலிவிஷனிலும் தேர்தல் காலத்தில் கொடுக்கப்படும் இந்தச் சில நிமிஷங்கள்தாம்.

வாயைத் திறந்த பிறகும் பூட்டு

நேரம் கிடைத்தவர்கள் பாடும் முற்றிலும் சுகமாயில்லை. பேச்சை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து நிலைய அதிகாரிகளின் சம்மதம் பெற வேண்டும். வகுப்புத் துவேஷம், பலாத்காரத் தூண்டுதல், அவதூறு இவற்றைத் தடுக்க விதி இருப்பது சரியே. ஆனால் 2024 தேர்தலின்போது நடந்ததைப் பாருங்கள். மார்க்ஸிஸ்ட் கட்சித் தலைவர் காலஞ்சென்ற ஸ்ரீ சீதாராம் யெச்சூரியின் பிரசங்கத்தில், ஆட்சியை வகுப்புவாத எதேச்சாதிகார ஆட்சி என்று கூறிய சொற்களும், சட்டங்களைக் கொடிய சட்டங்கள் என்று வர்ணித்த சொல்லும் எடுக்கப்பட்டன. 'திவால்' என்ற பொருளுள்ள சொல் 'தோல்வி' என்று மாற்றப்பட்டது. பார்வர்டு பிளாக் கட்சியின் ஸ்ரீ ஜி. தேவராஜன் 'முஸ்லிம்கள்' என்று சொன்னதையும் விடச் செய்தார்கள். கமிஷனின் நிபந்தனைகளைத்தான் அனுசரித்தோம் என்பது நிலையத்தார் கூறிய சமாதானம். ஆளுவோரைக் கடுஞ்சொல்லால் கண்டிக்கவும் உரிமையில்லாவிட்டால், அது தேர்தல் பிரசங்கமாகுமா? வெள்ளைக்காரன் காலத்திலேயே, தம் குரல் ஒன்றையே ஆயுதமாகக் கொண்டு சர்க்காரை எதிர்த்த தீரர் சத்தியமூர்த்தியைப் பெற்ற ஊர் திருமயம். அந்த ஜில்லாவின் ஓட்டர்கள் சீவிச் செதுக்கிய பிரசங்கத்தைத்தான் கேட்க வேண்டுமா?

நாம் கோருவது

ஆகவே நாம் கோருவது நான்கு.

முதலாவதாக, ஆறில் ஒரு பங்கு தொகுதிகளுக்குக் குறையாமல் அபேட்சகர் நிறுத்தும் எந்தக் கட்சிக்கும், அங்கீகாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ரேடியோவில் பத்து நிமிஷமும் டெலிவிஷனில் பத்து நிமிஷமும் குறைந்தபட்சமாகக் கிடைக்க வேண்டும்.

இரண்டாவதாக, அதற்கு மேற்பட்ட நேரத்தைப் பங்கிடும்போது அங்கீகாரத்தைப் பாராமல், சென்ற தேர்தலில் ஜனங்கள் உண்மையாகப் போட்ட ஓட்டைப் பார்க்க வேண்டும். 30 லட்சம் ஓட்டுக்கும் பூஜ்யம் என்ற கணக்கு இனி வேண்டாம்.

மூன்றாவதாக, ஒன்றிரண்டு தொகுதிகளில் மட்டும் நிற்கும் கட்சிகளுக்கும் சுயேச்சைகளுக்கும் ஸ்தல நிலையம் வழி செய்ய வேண்டும். தொகுதிவாரியாக அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிஷம், சீட்டுக் குலுக்கிய வரிசையில், திருச்சி நிலையம் கொடுக்கலாம். நான்கு தொகுதிகளாய்ச் சிதறிக் கிடக்கும் புதுக்கோட்டை ஜில்லாவுக்கு இது அவசியம். ஆறு பன்னீர்செல்வங்களில் தமக்கு வேண்டியவர் யாரென்று அறந்தாங்கி ஓட்டர் சின்னத்தைப் பார்த்து மட்டும் தேடாமல், குரலைக் கேட்டும் அறிந்துகொள்வார்.

நான்காவதாக, பிரசங்கத்தில் ஒரு சொல்லை எடுக்க வேண்டுமென்றால், நிலைய அதிகாரி தாமே அதைச் செய்யலாகாது. கமிஷன் நியமிக்கும் நடுநிலையாளர் குழு, காரணத்தை எழுத்து மூலம், ஒரே நாளில் சொல்ல வேண்டும். சொன்ன காரணத்தைப் பத்திரிகைகளுக்கும் வெளியிட வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. கமிஷன் தன் திட்டத்தைத் திருத்தினால் போதும். 39-ஏ பிரிவு முந்தைய தேர்தல் பலத்தையே அளவுகோலாகச் சொல்வதால், குறைந்தபட்ச நேரத்துக்குப் பார்லிமெண்டு அதில் ஒரு வரி சேர்க்க வேண்டியிருக்கலாம். அது மலையைப் புரட்டும் காரியமல்ல.

கட்சி ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. நேரம் கிடைத்த கட்சியைச் சேர்ந்தவர்கள், "நமக்கென்ன?" என்று இருந்துவிடக் கூடாது. இந்த நாட்டில் ஒரு தேர்தலில் ஆட்சி பீடத்திலிருந்த கட்சி அடுத்த தேர்தலில் ஒற்றை ஸ்தானத்துக்குத் தவித்ததைப் பல முறை பார்த்திருக்கிறோம். இன்று அடுத்தவனுக்குச் சாத்திய கதவு நாளை நமக்கும் சாத்தப்படும். நேரம் கிடைக்காத கட்சியினர் மேடையில் குறை சொல்வதோடு நிற்காமல், தத்தம் தொகுதிக் கணக்கையும் ஓட்டுக் கணக்கையும் எழுதிக் கமிஷனுக்கு மனுச் செய்ய வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு கேட்பதில் பயனில்லை. விதிகளைத் திருத்தக் காலம் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

யாருக்கு ஓட்டுப் போடுவதென்பது ஓட்டரின் இஷ்டம். சிறு கட்சியின் பேச்சைக் கேட்டுவிட்டு அவர் அதைத் தள்ளிவிட்டால், அதுவும் ஜனநாயகத் தீர்ப்பே. கேட்காமலே தள்ளும்படி செய்வது தீர்ப்பாகாது. அந்தத் தீர்ப்பைச் சொல்லும் அதிகாரம் ஜனங்களுடையது. அதை முன்கூட்டியே தீர்த்து வைக்கும் அதிகாரத்தை எந்த விதிப் புத்தகத்துக்கும் நாம் கொடுத்துவிடவில்லை.